மைல் நாணயமும் விமானப் பிரயாணியும்

ஆகாய விமானத்தில் பிசினஸ் வகுப்பு என்று வழங்கும் உயர் வகுப்பிலே பிரயாணம் செய்வது தனவந்தர்களுக்கும் பெரிய கம்பெனிகளின் உத்தியோகஸ்தர்களுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி நிற்கிறது. இவ்வெண்ணம் பாதி உண்மை, பாதி பொய். அந்த ஆசனத்துக்கு விமானக் கம்பெனியார் கேட்கும் முதல் விலை சாமான்யரால் கொடுக்கக் கூடியதன்று என்பது உண்மை. ஆனால் அதுவே அதன் விலை என்று நம்புவதுதான் பொய். ஒரே விமானத்தில், ஒரே வரிசையில், ஒரே விதமான படுக்கையில் சாய்ந்து செல்லும் இருவரில் ஒருவர் மற்றவரைக் காட்டிலும் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ அதிகமாகக் கொடுத்திருப்பது நாள்தோறும் நடக்கும் சங்கதி. இந்த வித்தியாசம் எதனால் ஏற்படுகிறது, அதைப் பிரயாணி தனக்கு அனுகூலமாக்கிக் கொள்வது எப்படி என்பதையும், மைல் என்ற பெயரால் கம்பெனிகள் அச்சிட்டு வழங்கும் புதுவித நாணயத்தைப் பற்றி ஜனங்கள் என்ன கேட்க வேண்டும் என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978-ம் வருஷம் வரையில் உள்நாட்டு விமானக் கட்டணங்களைச் சர்க்கார் சபை ஒன்றே நிர்ணயித்து வந்தது. அவ்வருஷம் இயற்றப்பட்ட சட்டத்தினால் அக்கட்டுப்பாடு நீங்கிற்று. கட்டணம் போட்டியின் வசம் விடப்பட்டது. மறு வருஷம், அதாவது 1979-ல், ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி பிசினஸ் வகுப்பு என்ற பெயரால் தனி வகுப்பை ஏற்படுத்திற்று. 2000-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவ்வகுப்பில் முழுப் படுக்கையாக நீளும் ஆசனத்தை அமைத்தது. அதிலிருந்து மற்றக் கம்பெனிகளும் அவ்வழியே சென்றன. படுக்கைக்கு இடம் அதிகம் வேண்டும், உணவும் பணிவிடையும் அதிகம் வேண்டும் என்பது மெய்யே. ஆயினும் கட்டணம் இச்செலவைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. வாங்குகிறவன் எவ்வளவு தாங்குவான் என்பதைக் கொண்டே அளக்கப்படுகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

தாங்கக் கூடியவன் யார்? கம்பெனிச் செலவில் செல்பவன். அவன் கடைசி வாரத்தில் டிக்கட் வாங்குகிறான். வழியில் இறங்காமல் நேரே போக விரும்புகிறான். திங்கட்கிழமை புறப்பட்டு வெள்ளிக்கிழமை வீடு திரும்புகிறான். திட்டம் மாறினால் டிக்கட்டையும் மாற்ற வேண்டும் என்கிறான். இவை ஒவ்வொன்றுக்கும் கம்பெனியார் விலை வைக்கிறார்கள். ஆகவே சொந்தப் பணத்தில் செல்பவன் இவற்றுக்கு நேர் எதிரிடையாக நடப்பதே லாபம். முன்கூட்டியே வாங்குவது, சனிக்கிழமை இரவை வெளியூரில் கழிப்பது, இடையில் ஓர் ஊரில் விமானம் மாறுவது, மாற்ற முடியாத டிக்கட்டுக்கு இசைவது ஆகிய நான்குமே கட்டணத்தைக் குறைக்கும். வியாபாரப் பிரயாணிகள் வீட்டில் இருக்கும் ஆகஸ்டு மாதத்திலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும் எகானமி வகுப்பில் கூட்டம் நெரிய, உயர் வகுப்பு ஆசனங்கள் காலியாகக் கிடப்பதுண்டு. அக்காலங்களில் சில கம்பெனிகள் உயர் வகுப்புக் கட்டணத்தை வெகுவாகத் தாழ்த்துகின்றன. எகானமி டிக்கட் எப்போது மலிவு என்று அறிந்தவர்கள் அதே காலத்தில் பிசினஸ் டிக்கட்டும் மலிவாயிருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. இரண்டு சந்தைகளும் வேறு வேறு.

புறப்படும் ஊரும் விலையை மாற்றுகிறது. ஒரு கம்பெனி தன் தலைமை நிலையத்திலிருந்து நேரே செல்லும் பிரயாணியிடம் அதிகம் வாங்கும். வேறு தேசத்திலிருந்து அதே நிலையத்தின் வழியாகச் செல்பவனிடம் குறைவாகவே வாங்கும். ஏனெனில் அவனைப் போட்டிக் கம்பெனியிடமிருந்து இழுக்க வேண்டியிருக்கிறது. லண்டன் நகரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் சர்க்கார் 1994 முதல் விமானப் பிரயாணிகள் மீது தனி வரி விதித்து வருகிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி வருஷத்தில், லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் எகானமி பிரயாணிக்கு 90 பவுனும், உயர் வகுப்புப் பிரயாணிக்கு 216 பவுனும் இவ்வரி விதிக்கப்பட்டது. டப்ளின் நகரில் புறப்பட்டு, ஒரே டிக்கட்டில், லண்டனில் 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறுகிறவனுக்கு இவ்வரி இல்லை. வரி ஒரு புறம், போட்டி ஒரு புறமாகச் சேர்ந்து, லண்டன் வழியாகவே செல்லும் டப்ளின் டிக்கட்டை லண்டன் டிக்கட்டிலும் மலிவாக்கி விடுவதுண்டு. தூரம் அதிகம், விலை குறைவு!

இவ்வழியில் செல்பவர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மறக்கலாகாது. டப்ளின் வரையில் வேறு டிக்கட்டில் சென்று, அது தாமதமானதால் முக்கிய விமானத்தைத் தவறவிட்டால், நஷ்டம் பிரயாணியுடையதே. ஆகையால் முதல் நாளே போய்த் தங்குவது உத்தமம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டாவதாக, ஒரு டிக்கட்டின் முதல் பகுதியில் ஏறாமல் இரண்டாம் பகுதியில் ஏறிக்கொள்ளலாம் என்று எண்ணுவது பெரும் பிசகு. முதல் பகுதியில் ஏறாதவனுடைய மற்றப் பகுதிகள் யாவும் ரத்தாகிவிடும். கடைசிப் பகுதியைக் கைவிட்டு நடுவழியில் இறங்கும் தந்திரத்தையும் கம்பெனிகள் ஒப்பந்த மீறுதலாகவே கருதுகின்றன. அதற்கு வழிகாட்டி வந்த ஸ்கிப்லாக்ட் என்ற ஸ்தாபனத்தின் மீது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபரில் ஜூரிகள் 94 லட்சம் டாலர் நஷ்ட ஈடு விதித்தார்கள்.

போட்டி எங்கே புகுகிறதோ அங்கே கட்டணம் இறங்குகிறது. பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் இடையே லா கம்பனீ என்ற பிரெஞ்சுக் கம்பெனி பிசினஸ் ஆசனங்களை மட்டுமே கொண்ட விமானங்களை 2014 முதல் நடத்தி வருகிறது. அமெரிக்காவின் ஜெட்புளூ 2021-ல் லண்டனுக்குப் பறக்கத் தொடங்கி, பழைய கம்பெனிகளிலும் குறைந்த கட்டணத்தில் படுக்கை ஆசனம் தந்தது. மூன்றாம் தேசத்துக் கம்பெனிகள் இரண்டு அன்னிய நகரங்களுக்கிடையே நடத்தும் விமானங்களும் கவனிக்கத் தக்கவை. பிராங்க்பர்ட்டிலிருந்து நியூயார்க்குக்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், மிலானிலிருந்து நியூயார்க்குக்கு எமிரேட்ஸும் இவ்வாறு பறக்கின்றன. சொந்த வீடு இல்லாத சந்தையில் கடை விரிப்பவன் விலையை ஏற்றிக் கூவ மாட்டான் அல்லவா?

நம் தேசத்தில் வரியும் சேர்ந்துகொள்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி டிக்கட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதமாகவே நிற்க, மற்ற வகுப்புகளுக்கு 12-லிருந்து 18 சதவிகிதமாக உயர்ந்தது. ஆகவே விலைகளை ஒப்பிடுவோர் வரி நீங்கிய கட்டணத்தை ஒப்பிட்டு மயங்காமல், கையை விட்டுப் போகும் முழுத் தொகையையே ஒப்பிட வேண்டும்.

இது நிற்க. ரொக்கம் கொடுத்து வாங்கும் வழி இவ்வளவு. மற்றொரு வழி மைல்களைக் கொடுத்து வாங்குவது. 1981-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பிரயாணிகள் பறந்த மைல்களைக் கணக்கு வைத்து, போதுமானது சேர்ந்ததும் இனாம் டிக்கட் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. சில நாட்களுக்குள் யுனைடெட் கம்பெனியும் பின்பற்றிற்று. பிறகு பாங்கிகள் இம்மைல்களைக் கம்பெனிகளிடமிருந்து மொத்தமாக விலைக்கு வாங்கி, தங்கள் கிரெடிட் கார்டை உபயோகிப்போருக்குப் பகிர்ந்தளிக்கத் தொடங்கின. இன்று விமானத்தில் காலே வைக்காதவனும் மளிகைக் கடையில் மைல் சேர்க்கலாம். 1997-ல் ஸ்டார் அலையன்ஸ், 1999-ல் ஒன்வேர்ல்ட், 2000-ல் ஸ்கைடீம் என்ற கூட்டுகள் ஏற்பட்டபின், ஒரு கம்பெனியின் மைலைக் கொடுத்து மற்றொரு கம்பெனியின் ஆசனத்தைப் பெறுவதும் சாத்தியமாயிற்று. இங்கேதான் அறிவுக்கு வேலை இருக்கிறது. ஒரே விமானத்தின் ஒரே ஆசனத்துக்கு ஒரு திட்டம் கேட்கும் மைல் வேறு, மற்றொரு திட்டம் கேட்பது வேறு. ஒன்று எரிபொருள் உபரிக் கட்டணம் என்று பெருந்தொகையை ரொக்கமாக வசூலிக்கும், மற்றொன்று வசூலிக்காது. ஆகவே எந்த விமானம் என்று மட்டும் கேட்பது போதாது. எவருடைய மைலைக் கொண்டு என்றும் கேட்க வேண்டும்.

இவ்விஷயத்தில் அனுபவசாலிகள் கைக்கொள்ளும் விதிகள் சில. பாங்கியில் உள்ள புள்ளிகளைக் காலியான ஆசனத்தைக் கண்ணால் கண்ட பிறகே விமானத் திட்டத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு முறை மாற்றினால் சாதாரணமாகத் திரும்பி வராது. மைல் ஆசனங்கள் பெரும்பாலும் இரண்டு காலங்களில் தென்படுகின்றன: விமானத்துக்குச் சுமார் 11 மாதங்களுக்கு முன்பு முன்பதிவு திறக்கும்போது ஒன்று, புறப்படுவதற்கு முந்திய இரண்டொரு வாரங்களில், விற்காமல் நின்றவற்றைக் கம்பெனியார் வெளிவிடும்போது மற்றொன்று. தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு ஆசனம் தேடுகிறவன் பெரும்பாலும் ஏமாறுவான். தேதியில் ஒரு வாரம் முன்பின்னாக இடம் வைத்துக்கொள்பவனுக்கே பலன் கிட்டும். கம்பெனியார் மைல்களைத் தள்ளுபடி விலையில் விற்கும்போது, கண் முன்னே இருக்கும் ஆசனத்துக்காக வாங்கலாம். என்றாவது பயன்படும் என்று வாங்கிக் குவிக்கலாகாது.

கணக்கையும் சற்றுப் பார்ப்போம். உதாரணத்துக்காக, ஒரு பிசினஸ் டிக்கட்டின் ரொக்க விலை 2,40,000 ரூபாய் என்றும், அதே ஆசனத்தை 80,000 மைலுடன் 20,000 ரூபாய் வரி கொடுத்துப் பெறலாம் என்றும் வைத்துக்கொள்வோம். மீதமாகும் 2,20,000 ரூபாயை 80,000-ஆல் வகுத்தால் மைல் ஒன்றுக்கு 2 ரூபாய் 75 பைசா கிடைத்ததாகத் தோன்றும். விளம்பரக்காரர்கள் இந்தக் கணக்கையே முரசறைவார்கள். ஆனால் மைல் இல்லாவிட்டால் அந்தப் பிரயாணி 2,40,000 ரூபாய் கொடுத்திருப்பாரா? 60,000 ரூபாய் எகானமி டிக்கட்டிலேயே போயிருப்பாராயின், அவர் கையில் உண்மையாக மீந்தது 40,000 ரூபாய்; மைலின் மதிப்பு 50 பைசா. முதுகு நோயாளிக்கும் வயோதிகருக்கும் படுக்கையில் செல்லும் சுகம் பெரிது. அதற்கு ஒரு விலை வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அவ்விலையை வைக்க வேண்டியவர் பிரயாணி. கம்பெனியின் விலைப்பட்டியல் அன்று. இதை உணராதவர்கள் மைலுக்காகத் தேவையற்ற பொருளை வாங்கி, கார்டுக் கடனுக்கு வட்டி கட்டி, இனாம் என்ற பெயரால் இருமடங்கு விலை கொடுக்கிறார்கள். கார்டுக் கடனை மாதந்தோறும் முழுவதும் தீர்க்க இயலாதவர் மைலை நாடாமலிருப்பதே நலம்.

இனி, இதனினும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மைல் என்பது என்ன? ஜனங்கள் உழைத்த பணத்துக்குப் பதிலாகச் சேமித்து வைக்கும் ஒரு நாணயம். அதை அச்சிடுகிறவர் கம்பெனியார்; அதன் மதிப்பை நிர்ணயிப்பவர் கம்பெனியார்; அதைக் கொண்டு வாங்கக்கூடிய ஒரே பண்டத்துக்கு விலை வைப்பவரும் பெரும்பாலும் அவர்களே. எந்த தேசத்து ராஜாங்கத்துக்கும் பிரஜைகள் இவ்வளவு அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததில்லை. முற்காலத்தில் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணை ஒன்று பகிரங்கமாக இருந்தது. டெல்டா கம்பெனி 2015-ல் அதை அகற்றிற்று. யுனைடெட் 2019-ல் தன் சொந்த விமானங்களுக்கு அகற்றிற்று. அமெரிக்கன் 2023-ல் அவ்வாறே செய்தது. இப்போது மைல் விலை ரொக்க விலையைப் போலவே நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது. நேற்றுச் சேமித்தவன் இன்று தன் சேமிப்பு எவ்வளவு என்று அறிய வழியில்லை. கம்பெனி முறிந்தாலோ கேட்கவே வேண்டாம். 2001 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்சட் கம்பெனி வீழ்ந்தபோது, அதன் பிரயாணிகள் வருஷக்கணக்காகச் சேர்த்த புள்ளிகள் ஒன்றுமில்லாமற் போயின.

இது வெறும் வெகுமதி, வெகுமதியைப் பற்றி வழக்காடுவது அழகா என்று கம்பெனியாரின் பட்சத்தில் சொல்லக்கூடும். வெகுமதிதானா என்று பார்ப்போம். 2020-ல் கொள்ளை நோயினால் விமானங்கள் நின்றபோது, யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தை ஈடு காட்டி 680 கோடி டாலர் கடன் பெற்றது. டெல்டா 900 கோடி பெற்றது. அமெரிக்கன் 2021-ல் 1,000 கோடி திரட்டிற்று. 2024-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்ற கார்டுக் கம்பெனியிடமிருந்து மட்டும் டெல்டா பெற்றது சுமார் 740 கோடி டாலர். கடன்காரரிடம் ஈடு வைக்கும்போது விலையுயர்ந்த சொத்து. பிரயாணி கேட்கும்போது விலையில்லாத வெகுமதி! ஒரே பொருள் இருவரிடத்தில் இரு வேறு பெயர் கொள்வதை எந்த நியாயஸ்தலம் ஒப்புக்கொள்ளும் என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் பிரயாணிக்குப் பெரிதும் துணை செய்யவில்லை. அமெரிக்கன் கம்பெனி ஏற்கெனவே சேர்த்த மைல்களையும் புதிய நிபந்தனைகளுக்கு உட்படுத்திற்று என்று எழுந்த வழக்கில், 1995-ல் அக்கோர்ட்டார் ஒப்பந்த மீறுதலுக்காக வழக்காடலாம் என்றும், ராஜ்யங்களின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வழக்காட முடியாது என்றும் கூறினார்கள். ஒப்பந்தத்தை எழுதுபவர் யார்? கம்பெனியார். 2014-ல் நார்த்வெஸ்ட் கம்பெனி ஒரு பிரயாணியைத் தன் திட்டத்திலிருந்து நீக்கிய வழக்கில், நேர்மையாக நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உட்கிடையாக உள்ள கடமையைக் காட்டித் தொடுத்த வாதமும் 1978-ம் வருஷச் சட்டத்தினால் தடைப்படுகிறது என்று ஏகமனதாகத் தீர்ப்பாயிற்று. பிடிக்காதவர்கள் வேறு திட்டத்தில் சேரலாம், போக்குவரத்து இலாகாவில் முறையிடலாம் என்பதே மிஞ்சிய ஆறுதல். கட்டணத்தில் போட்டியை வளர்க்கப் பிறந்த சட்டம், கம்பெனியார் தம் வாக்கை மாற்றிக்கொள்வதற்குக் கேடயமாக முடிந்தது விசித்திரமன்றோ? அந்த இலாகாவும் 2024 செப்டம்பரில்தான் அமெரிக்கன், டெல்டா, சவுத்வெஸ்ட், யுனைடெட் ஆகிய நான்கு கம்பெனிகளின் திட்டங்களைப் பற்றிய விவரங்களைக் கேட்டு உத்தரவு பிறப்பித்தது.

இச்செலவு யார் தலையில் விடிகிறது என்பதும் சிந்திக்கத் தக்கது. கார்டு உபயோகிக்கும்போது கடைக்காரர் பாங்கிக்குக் கட்டணம் கொடுக்கிறார். அதை எல்லாப் பண்டங்களின் விலையிலும் ஏற்றுகிறார். ரொக்கம் கொடுக்கும் ஏழையும் அவ்விலையையே கொடுக்கிறான். மைல் மட்டும் அவனுக்கு இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் பெடரல் ரிசர்வ் பாங்கியின் ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட கணக்கின்படி, ரொக்கம் உபயோகிக்கும் குடும்பம் சராசரி வருஷத்துக்கு 149 டாலர் இவ்வகையில் இழக்கிறது. கார்டு உபயோகிக்கும் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. ஐரோப்பிய யூனியன் 2015-ல் கிரெடிட் கார்டுகளுக்குப் பாங்கிகள் தமக்குள் வாங்கும் கட்டணத்தை நூற்றுக்கு 0.3-க்கு மேற்படலாகாது என்று சட்டம் செய்தது. ஆகையால் அங்கே கார்டு தரும் மைலும் சொற்பமே. மைல் வானத்திலிருந்து விழுவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆதலால் மைல் திட்டங்களை ஒழித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்ட வழியில் மலிவாகப் போகிறவரைக் குறை கூறவுமில்லை. கம்பெனியார் வகுத்த விதிகளைப் படித்து நடப்பவர் எவருக்கும் துரோகம் செய்யவில்லை. நாம் கேட்பது நாணயம் வெளியிடுவோர் நாணயமாக நடக்க வேண்டும் என்பதே. மைல் மதிப்பைக் குறைப்பதாயின் மூன்று மாதமாவது முன்னறிவிப்பு வேண்டும். முன்பே சேர்த்த மைல்களுக்குப் பழைய விதியின்படி செலவிடக் காலம் அளிக்க வேண்டும். எந்த ஊருக்கு எந்த வகுப்பில் அதிகபட்சம் எத்தனை மைல் என்ற அட்டவணையைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒரு பிரயாணியின் கணக்கை முடிப்பதாயின் காரணம் காட்டி, மேல் முறையீட்டுக்கு இடம் தர வேண்டும். இப்படிச் செய்தால் கம்பெனிகள் திட்டத்தையே மூடிவிடும் என்று பயமுறுத்துவார்கள். ஆயிரம் கோடி டாலருக்கு ஈடாக நிற்கும் சொத்தை எவனும் மூடிவிட மாட்டான்.

சட்டம் வரும் வரையில் பிரயாணி தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். ரொக்க விலையை முதலில் பாருங்கள்; பிறகு மைலை எடையிடுங்கள். ஒரே திட்டத்தில் எல்லாவற்றையும் முடக்காதீர்கள். மைலைப் பிதிரார்ஜிதம் போலப் பூட்டி வைக்காதீர்கள். நிலத்தைப் போல் அது வளராது, நெல்லைப் போல் இருக்க இருக்கப் புழுத்துப் போகும். கிடைத்த காலத்தில் நல்ல பிரயாணத்துக்குச் செலவிட்டு விடுங்கள். மதிப்பைக் குறைத்தால் மௌனமாயிராமல் எழுதிக் கேளுங்கள், சர்க்காரிடம் முறையிடுங்கள். கேளாதவன் சொத்தைக் காப்பதற்கு எந்தக் கம்பெனியும் பிறக்கவில்லை.